நுரையீரல் ஏவிஎம்: அடைப்பதா, அறுப்பதா, காத்திருப்பதா?

வேலைக்குச் சேருமுன் எடுத்த எக்ஸ்ரேயிலோ, வேறெதற்கோ எடுத்த சிடியிலோ, நுரையீரலின் கீழ்ப்பகுதியில் உருண்டையாக ஒரு நிழல். நம் ஊரில் இதைப் பார்த்ததும் மனம் முதலில் காசநோய்க்குப் போகும். ஐம்பதைத் தொட்டவர் என்றால் புற்றுக்கட்டிக்கு. சளியில் கிருமி இல்லை, காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. சிடி படங்களை அடுக்கடுக்காக நகர்த்திப் பார்த்தால் அந்த நிழலுக்குள் ஒரு குழாய் நுழைவதும், இன்னொரு குழாய் வெளியேறி இதயத்தின் இடப்பக்கம் நோக்கிப் போவதும் தெரியும். அது கட்டி இல்லை. நுரையீரல் தமனியும் சிரையும் நடுவே நுண்குழாய்கள் இல்லாமல் நேரடியாகச் சேர்ந்துவிட்ட பிறவிக் கோளாறு. மருத்துவமனைகளில் இதைப் பல்மனரி ஏவிஎம் என்பார்கள். அதுவரை யாரும் அந்த நிழலில் ஊசி குத்திச் சதை எடுக்காமல் இருந்தால் பிழைத்தீர்கள்; ரத்தம் ஓடும் மெல்லிய பையைக் குத்தினால் நெஞ்சுக்கூட்டுக்குள் ரத்தம் கொட்டும்.

நுரையீரலின் பிறவி ரத்தக்குழாய்க் கோளாறுகள் வேறும் உண்டு. ஒரு பக்கத்து நுரையீரல் தமனியே இல்லாமல் பிறப்பது, நுரையீரல் சிரை தவறான அறையில் போய்ச் சேர்வது, நுரையீரலின் ஒரு துண்டு மகாதமனியிலிருந்து ரத்தம் வாங்குவது என்று. அவற்றுக்கான முடிவுகள் வேறு கணக்கில் நடப்பவை. இங்கே பேசுவது ஏவிஎம் பற்றி மட்டும். இதில் வழிகள் மூன்று: கவனித்துக்கொண்டு காத்திருப்பது, கால் சிரை வழியாகக் குழாய் செலுத்தி உள்ளிருந்து அடைப்பது, நெஞ்சைத் திறந்தோ துளையிட்டோ அந்தப் பகுதியை அறுத்து எடுப்பது.

மூச்சு வாங்கவில்லையே, ஏன் தொட வேண்டும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இந்தக் கோளாறில் முதலில் அடிபடும் உறுப்பு பெரும்பாலும் நுரையீரல் அல்ல, மூளை.

நுரையீரலின் நுண்குழாய்கள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலம்கூட இருக்காது. உடலெங்கும் சுற்றித் திரும்பும் சிரை ரத்தத்தில் வரும் சிறு ரத்தக்கட்டிகள், பல் ஈறிலிருந்து கசியும் கிருமிகள், சலைன் ஏற்றும்போது நுழையும் காற்றுக்குமிழ்கள் எல்லாம் இந்தச் சல்லடையில்தான் நிற்கின்றன. ஏவிஎம் என்பது அந்தச் சல்லடையில் விழுந்த ஓட்டை. அதன் வழியே போகிறவை இதயத்தின் இடப்பக்கம் சென்று அடுத்த துடிப்பில் மூளைக்கு ஏறலாம். பக்கவாதம், சில நிமிடங்களில் தீர்ந்துபோகும் தற்காலிகப் பக்கவாதம், மூளைச் சீழ்க்கட்டி ஆகியவை இப்படி வருபவை. ஒற்றைத் தலைவலியும் இவர்களுக்குக் கூடுதலாகக் காணப்படுகிறது.

முடிவைத் தீர்மானிக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஓட்டை பெரிதாக இருந்தால் ஆபத்து பெரிது, சிறிதாக இருந்தால் சிறிது என்ற கணக்கு பக்கவாதத்துக்கும் சீழ்க்கட்டிக்கும் பொருந்துவதில்லை. ஆக்சிஜன் குறைவு மட்டுமே அளவோடு ஒத்துப் போகிறது. ஆக்சிஜன் செறிவு 97 சதவீதம் இருப்பவருக்கும் சீழ்க்கட்டி வந்திருக்கிறது. 85 சதவீதத்தோடு மாடியேறி இறங்குபவரும் இருக்கிறார். இவருடைய உடல் ஹீமோகுளோபினை 17, 18 என்று ஏற்றிச் சமாளித்துக்கொண்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து 'ரத்தம் கெட்டியாகிவிட்டது, கொஞ்சம் எடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது உடல் செய்துகொண்ட ஈடு. அதைக் குறைத்தால் ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறையும், இரும்புச்சத்தும் சேர்ந்து போகும். இரும்புச்சத்துக் குறைவு இவர்களுக்குத் தனி ஆபத்து. சீரத்தில் இரும்பு லிட்டருக்கு 6 மைக்ரோமோல் இருப்பவருக்கு, 17 மைக்ரோமோல் இருப்பவரைக் காட்டிலும் பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று லண்டன் ஆய்வு ஒன்று 2014இல் காட்டியது.

ஆகவே 'எனக்கு ஒன்றும் செய்யவில்லை' என்பது காத்திருப்பதற்குப் போதுமான காரணம் ஆகாது. அளவுகோல் வேறு.

முடிவெடுக்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, உள்ளே நுழையும் தமனியின் விட்டம். ஏவிஎம் பையின் அளவு அல்ல. பல சிடி அறிக்கைகளில் '2.4 செ.மீ. அளவுள்ள ஏவிஎம்' என்று பையை அளந்து எழுதிவிடுவார்கள்; அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பைக்குச் சற்று முன்னால், கடைசி நல்ல கிளை பிரிந்த பிறகு, தமனி எத்தனை மில்லிமீட்டர் என்பதே தேவை. அறிக்கையில் அது இல்லை என்றால் ரேடியாலஜிஸ்ட்டிடம் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. 1 மி.மீ. தடிமனில் எடுத்த சிடியாக இருக்க வேண்டும். 5 மி.மீ. தடிமனில் சின்னவை தப்பிவிடும். பெரும்பாலும் சாயமே தேவையில்லை, காற்று நிறைந்த நுரையீரலில் ரத்தக்குழாய் தானே பளிச்சென்று தெரியும். சாயம் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஏற்றும் குழாயில் காற்றுக்குமிழ் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

இரண்டாவது, எத்தனை இருக்கின்றன, எளியதா சிக்கலானதா. நுரையீரலின் ஒரே ஒரு பகுதிக்குரிய தமனியிலிருந்து ரத்தம் வாங்குவது எளியது; பெரும்பான்மை இந்த வகைதான். இரண்டு மூன்று பகுதித் தமனிகள் சேர்ந்து ஊட்டினால் சிக்கலானது. ஒன்றை அடைத்துவிட்டு இன்னொன்றைக் கோட்டைவிடுவது இங்கேதான் நடக்கும்.

மூன்றாவது, எச்.எச்.டி. என்ற பரம்பரை நோய் பின்னால் இருக்கிறதா என்பது. ஏவிஎம் கண்டுபிடிக்கப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது இருக்கும். அடிக்கடி மூக்கில் ரத்தம் வடிவது, உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனியிலும் சின்னச் சிவப்புப் புள்ளிகள், உள்ளுறுப்புகளில் ஏவிஎம், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய வட்டத்தில் ஒருவருக்கு இதே நோய். இந்த நான்கில் மூன்று இருந்தால் எச்.எச்.டி. உறுதி, இரண்டு இருந்தால் சந்தேகம். 2000இல் வெளியான குராசாவோ அளவுகோல் இது. 'சின்ன வயசிலிருந்தே உடம்பு சூடு, வெயிலில் மூக்கு உடையும்' என்று வீட்டில் ஒதுக்கிவைத்த விஷயம் இங்கே முக்கியச் சான்றாகிவிடும். எச்.எச்.டி. என்றால் ஒன்றை அடைத்த பிறகும் மற்றவை வளரும். மூளைக்கு ஒரு எம்ஆர்ஐ தேவைப்படும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதால் அவர்களையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, நுரையீரல் தமனியின் அழுத்தம். எக்கோவில் அது கணிசமாக உயர்ந்திருந்தால், குறைந்த தடையோடு ரத்தம் ஓடிக்கொண்டிருந்த வழியை அடைக்கும்போது அழுத்தம் இன்னும் ஏறலாம். அடைக்கவே கூடாது என்றில்லை. அழுத்தத்தை நேரடியாக அளந்து, தேவையென்றால் பலூனால் தற்காலிகமாக அடைத்துப் பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

எக்கோ என்றதும் குமிழ்ப் பரிசோதனையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு 10 மி.லி. ஊசிக்குழல்களை மூன்று வழி அடைப்பானில் மாட்டி, ஏறத்தாழ 9 மி.லி. சலைனையும் 1 மி.லி. காற்றையும் முன்னும் பின்னும் வேகமாகத் தள்ளினால் நுரைத்த சலைன் கிடைக்கும். அதைக் கைச் சிரையில் செலுத்தி எக்கோ பார்ப்பார்கள். இதயத்தின் வலப்பக்கம் வெண்மையாக நிரம்பிய பிறகு, மூன்று துடிப்புகளுக்குள் இடப்பக்கம் குமிழ் வந்தால் இதயச் சுவரில் ஓட்டை இருக்கலாம். அதற்கும் தாமதமாக வந்தால் நுரையீரல் வழி வந்திருக்கிறது. 30 குமிழுக்குக் கீழே என்றால் முதல் படி, 100 வரை இரண்டாம் படி, அதற்கு மேல் மூன்றாம் படி. முதல் படியில் சிடியில் அடைக்கத்தக்கது எதுவும் கிடைப்பது அரிது. இதைச் செய்து பழகாத எக்கோ அறையில் துடிப்பை எண்ணாமல் 'ஓட்டை இருக்கிறது' என்று மட்டும் எழுதிவிடுவார்கள். வீடியோவைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

காத்திருப்பது யாருக்கு

ஊட்டும் தமனி 2 மி.மீ.க்குக் கீழே இருப்பவருக்கு. முன்பெல்லாம் 3 மி.மீ. என்ற எல்லையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கருவிகள் மெலிந்துவிட்டதால் இப்போது 2 முதல் 3 மி.மீ. வரை உள்ளவற்றையும் அடைக்கிறார்கள். அந்த இடைவெளியில் இருப்பவர் தன் நிலையை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஏற்கெனவே தற்காலிகப் பக்கவாதம் வந்தவர் அல்லது கர்ப்பம் தரிக்க நினைப்பவர் என்றால் அடைத்துவிடுவதே எங்கள் சாய்வு. எழுபது வயதில், ஒரே ஒரு 2 மி.மீ. தமனியோடு, தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டவர் என்றால் அவசரம் இல்லை.

காத்திருப்பது சும்மா இருப்பது இல்லை. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை குறைந்த கதிர்வீச்சு சிடி எடுக்க வேண்டும். பல் பிடுங்குவது, ஆழமாகச் சுத்தம் செய்வது, வேர்ச் சிகிச்சை போன்ற ரத்தம் வரும் வேலைகளுக்கு முன் ஆன்டிபயாட்டிக்: வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராம், அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன், ஒரே தடவையாக. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் மருத்துவர் மாற்று எழுதுவார். பற்சொத்தையும் ஈறு வீக்கமும் இருந்தால் அதைச் சரிசெய்வதே பாதி வைத்தியம், ஏனென்றால் மூளைச் சீழில் கிடைக்கும் கிருமிகளில் வாய்க் கிருமிகள் அதிகம். மருத்துவமனையில் எதற்காக டிரிப் ஏற்றினாலும் குழாயில் காற்று வடிகட்டி மாட்டச் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்குச் சேர்ந்த வார்டில் இதைச் சொன்னால் நர்ஸ் விநோதமாகப் பார்க்கலாம். வடிகட்டி இல்லை என்றால் குழாயைச் சலைனால் முழுக்க நிரப்பி, குமிழ் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு மாட்டட்டும். அழுத்திய காற்று சிலிண்டரோடு கடலாழத்தில் நீந்தும் ஸ்கூபா வேண்டாம். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பார்த்து இரும்புச்சத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இவை காத்திருப்பவருக்கான நிபந்தனைகள் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அடைத்துக்கொண்டவருக்கும் இவை ஆயுள் முழுக்க உண்டு. பெரியதை அடைத்த பிறகும் சிடியில் தெரியாத சின்னஞ்சிறு இணைப்புகள் மிஞ்சியிருப்பதால் குமிழ்ப் பரிசோதனை பெரும்பாலோருக்கு நேர்மறையாகவே இருக்கும். 'அடைத்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு' என்று பல் டாக்டரிடம் மறைப்பவர்கள் உண்டு. வேண்டாம்.

உள்ளிருந்து அடைப்பது

1977இல் முதன்முதலாகச் செய்யப்பட்டது. அதன்பின் அமெரிக்க ரேடியாலஜிஸ்ட் ராபர்ட் வைட் இதை ஒழுங்கான முறையாக வளர்த்தெடுத்தார். இன்று வயது வந்தவருக்கு, ஊட்டும் தமனி 3 மி.மீ.யோ அதற்கு மேலோ இருந்தால், அறிகுறி இருக்கிறதோ இல்லையோ, இதுவே முதல் தேர்வு. செய்பவர் நுரையீரல் மருத்துவரோ இதய அறுவை மருத்துவரோ அல்ல, குழாய் வழியே சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். சில இடங்களில் இதயநோய் மருத்துவர்களும் செய்கிறார்கள்.

தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, சிரை வழியாக நீண்ட குழாயை இதயத்தின் வலப்பக்கம் தாண்டி நுரையீரல் தமனிக்குள் கொண்டுபோவார்கள். முழு மயக்கம் பெரும்பாலும் தேவையில்லை. மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லும்போது நோயாளி பிடிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் கொடுத்துக்கொள்வார்கள், குழாயின் நுனியில் கட்டும் சிறு ரத்தக்கட்டியும் இங்கே நேராக மூளைக்குப் போகும் என்பதால். அனுபவசாலியின் கையை அடையாளம் காட்டும் இடம் ஒன்று உண்டு: உள்ளிருக்கும் கம்பியை உருவும் நேரம். கம்பி வெளியேறும்போது குழாயின் வாய் வழியாகக் காற்று உறிஞ்சப்படும். அதனால் குழாயின் வெளிமுனையைச் சலைன் நிரம்பிய கிண்ணத்துக்குள் மூழ்க வைத்துக்கொண்டு, மெதுவாக உருவுவார்கள். பிறகு ரத்தம் தானாகத் திரும்பி வடிகிறதா என்று பார்த்துத்தான் சாயத்தையோ கருவியையோ இணைப்பார்கள். இதைத் தவறவிட்டால் காற்றுக்குமிழ் வலது இதயத்தமனியில் போய் நின்று நெஞ்சுவலியும் இசிஜியில் மாற்றமும் வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே தீர்ந்துவிடும் என்றாலும் எல்லா முறையும் அப்படி என்று சொல்ல முடியாது.

அடைப்பை எங்கே வைப்பது என்பதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி. பையிலிருந்து 1 செ.மீ.க்குள், கடைசி நல்ல கிளைக்கு அப்பால் வைக்க வேண்டும். தள்ளி முன்னால் வைத்தால் இரண்டு கெடுதல். நல்ல கிளைகளும் அடைபட்டு அந்தப் பகுதி நுரையீரல் பழுதாகும். அடைப்புக்கும் பைக்கும் நடுவே மிஞ்சிய தமனித் துண்டில் பக்கத்துக் கிளைகளிலிருந்து ரத்தம் புகுந்து ஏவிஎம் மீண்டும் உயிர்பெறும்.

காயிலா, பிளக்கா?

காயில் என்பது செயற்கை இழைகள் கோத்த மெல்லிய பிளாட்டினச் சுருள். வளைந்து நெளிந்த, மெலிந்த தமனிக்குள் மைக்ரோ குழாய் வழியாகக்கூட அனுப்பலாம். முதல் சுருள் தமனியைவிட ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் அகலமாக இருக்க வேண்டும். சிறிதாகத் தேர்ந்தெடுத்தால் ரத்த ஓட்டம் அதை இழுத்துக்கொண்டு பையைத் தாண்டி உடலின் பெரிய தமனிகளுக்கு அனுப்பிவிடும். அளவுக்கு மீறிப் பெரிதாக எடுத்தால் சுருளாமல் நீளவாக்கில் கிடந்து நடுவில் இடைவெளி விடும். தமனி அகலமாகவும் குட்டையாகவும் இருந்தால் முதல் சுருளின் நுனியை ஒரு சின்னப் பக்கக் கிளையில் நங்கூரம் போலச் செருகிவிட்டு மிச்சத்தை முதன்மைத் தமனியில் சுற்றுவார்கள். பிறகு மென்மையான சுருள்களை அடுக்கி இறுக்கமாக நிரப்ப வேண்டும். காயிலின் பலவீனமும் இதுதான்: இறுக்கம் போதவில்லை என்றால் சுருள்களின் நடுவிலேயே ரத்தம் வழி கண்டுபிடித்துவிடும். அடைத்தவை திரும்பத் திறப்பதற்கு மிக அடிக்கடி காரணமாவது இதுவே.

பிளக் என்பது நிட்டினால் என்ற உலோகக் கலவைக் கம்பியில் பின்னிய கூண்டு. குழாயிலிருந்து வெளியே தள்ளியதும் விரிந்து தமனிச் சுவரில் பதியும். தமனியைவிட 30 முதல் 50 சதவீதம் பெரியதாகத் தேர்ந்தெடுப்பார்கள். இதன் பெரிய வசதி, வைத்த இடம் பிடிக்கவில்லை என்றால் கழற்றுமுன் உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி வைக்கலாம். அதனால் 5, 6 மி.மீ.க்கு மேற்பட்ட அகலத் தமனிக்கு, கருவி நழுவிவிடுமோ என்ற பயம் உள்ள இடத்தில், பிளக் நிம்மதி தரும். பெரும்பாலும் ஒன்றே போதும். குறைகள்: பெரிய பிளக்குக்கு விறைப்பான, தடித்த குழாய் வேண்டும், கூர்மையாகத் திரும்பும் கிளைகளில் அது போகாது; வலைக்குள் ரத்தம் உறைந்து முழுதாக அடைபடச் சில நிமிடங்கள் ஆகும். பிளாஸ்டிக் உறை போர்த்திய சிறு பிளக்குகள் இந்த இரண்டாவது குறையைத் தீர்க்கின்றன. மைக்ரோ குழாய் வழியே போகும், வைத்த உடனே அடைக்கும்.

இதுவரை வெளியான தொடர்களில் பிளக் வைத்தவை திரும்பத் திறப்பது காயிலைவிடக் குறைவு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பழைய பதிவுகளைத் திருப்பிப் பார்த்த ஆய்வுகள். எளிதாகப் போய்ச்சேரக்கூடிய தமனிகளுக்கே பிளக் வைத்திருப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எங்கள் கருத்து: தமனி நேராக, 4 மி.மீ.க்கு மேல் என்றால் பிளக். வளைந்து மெலிந்தது என்றால் உறை போர்த்திய சிறு பிளக் அல்லது காயில். மிக அகலமானதில் பிளக்கின் பின்னால் இரண்டு மூன்று காயில் சேர்த்து இறுக்குவது. நோயாளி இதில் பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. 'பைக்கு எவ்வளவு அருகில் வைப்பீர்கள்?', 'எத்தனை ஏவிஎம் செய்திருக்கிறீர்கள்?' என்ற இரண்டு கேள்விகள் கருவியின் பெயரைவிட அதிகம் சொல்லும்.

செலவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு காயிலின் விலை ஒரு பிளக்கைவிடக் குறைவாக இருக்கலாம். அகலத் தமனிக்கு ஆறேழு காயில்கள் போனால் கணக்கு தலைகீழாகும். அதனால் மதிப்பீடு கேட்கும்போது எத்தனை தமனிகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை கருவிகள் என்று பிரித்து எழுதி வாங்குங்கள். இரு பக்கமும் நிறைய இருந்தால் ஒரே அமர்வில் முடியாது, சாயத்தின் அளவுக்கு வரம்பு உண்டு. சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் குறைவு.

பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புவார்கள். பத்தில் ஒருவருக்குச் சில நாட்களில், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலியும் லேசான காய்ச்சலும் வரும். அடைபட்ட ஓரத்தில் நுரையீரல் உறை அழற்சி அடைவதால் வருவது இது. பெரிய ஏவிஎம்மில் கூடுதல். பாராசிட்டமாலில் தணியும். பேச்சு குழறல், முகம் கோணல், கை மரத்துப்போதல் என்றால் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அறுவை எப்போது

1940களின் தொடக்கத்தில் இந்தக் கோளாறுக்கு முதலில் செய்யப்பட்டது ஒரு பக்க நுரையீரலையே எடுக்கும் அறுவை. இன்று அவ்வளவு தூரம் போவது அபூர்வம். பைக்குரிய ஆப்பு வடிவத் துண்டை, மடலின் ஒரு கூறை, அல்லது ஒரு மடலையே எடுப்பார்கள். பெரும்பாலும் துளை வழி அறுவையாகவே முடிகிறது. ஆனாலும் முழு மயக்கம், ஒரு நுரையீரலை மட்டும் இயக்கும் இரட்டைக் குழாய், சில நாட்கள் நெஞ்சில் வடிகுழாய், வேலைக்குத் திரும்பச் சில வாரங்கள் என்று எல்லாம் உண்டு. லாபம், எடுத்தது திரும்பத் திறக்காது.

எச்.எச்.டி. உள்ளவருக்கு இதை நாங்கள் பரிந்துரைக்கத் தயங்குவோம். இன்று ஒரு மடலை இழந்தவருக்குப் பத்து ஆண்டில் இன்னொரு மடலில் வளரும். நல்ல நுரையீரல் அவருக்கு வட்டிக்குக் கிடைக்காத சொத்து. நியாயமான இடங்கள் சில உண்டு: பை வெடித்து நெஞ்சுக்கூட்டில் ரத்தம் நிரம்பிய அவசரம், திரும்பத் திரும்ப அடைத்தும் திறந்துகொள்வது, கருவி நிற்க இடமில்லாத அளவு குட்டையும் அகலமுமான தமனி, சாயத்துக்குக் கடுமையான ஒவ்வாமை, எச்.எச்.டி. இல்லாதவருக்கு ஓரத்தில் உள்ள ஒரே ஒரு சிக்கலான ஏவிஎம். இரு நுரையீரல் முழுவதும் பரவியிருப்பவருக்கு அறுவை பயன்படாது. அடைக்கக்கூடியதை அடைத்து, ஆயுள் முழுக்கக் கண்காணிப்பதுதான் வழி.

ஒரு ஊரில் நெஞ்சக அறுவை நிபுணர் இருக்கிறார், ஏவிஎம் அடைத்துப் பழகியவர் இல்லை என்பதற்காக அறுவைக்கு ஒப்புக்கொள்வது நடக்கிறது. ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தால் ஒழிய, இது ஒரு வாரத்தில் முடிவெடுக்க வேண்டிய விஷயம் இல்லை. சிடி படங்களை வட்டில் வாங்கி, பெரிய நகரத்தில் உள்ள இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட்டுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க நேரம் இருக்கிறது.

கர்ப்பம்

இங்கே மட்டும் கணக்கு கறாராக மாறும். கர்ப்பத்தில் ரத்த அளவு கூடும், குழாய்ச் சுவர்கள் தளரும், ஏவிஎம் வளரும். சிகிச்சை பெறாத பெரிய ஏவிஎம் கர்ப்பத்தில் வெடித்து இருமலில் ரத்தமாகவோ நெஞ்சுக்கூட்டு ரத்தமாகவோ வரலாம். ஏவிஎம்மும் எச்.எச்.டி.யும் உள்ள பெண்களின் கர்ப்பங்களில் நூற்றுக்கு ஒன்று தாயின் மரணத்தில் முடிந்ததாக 2008இல் வெளியான பிரிட்டன் தொகுப்பு காட்டியது. நோய் முன்பே தெரிந்திருந்தவர்கள் அதிகம் தப்பினார்கள். குழந்தை பெற நினைப்பவர் முதலில் அடைத்துவிட்டு, பிறகு கர்ப்பத்துக்குப் போவது நல்லது. கர்ப்பத்தில்தான் தெரியவந்தது என்றால், அடைக்க வேண்டியவருக்கு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை உகந்த நேரம். அனுபவமுள்ள கையில் சிசுவுக்குப் போகும் கதிர்வீச்சு மிகக் குறைவு. கர்ப்பிணிக்கு இருமலில் ஒரு ஸ்பூன் ரத்தம் வந்தாலும் அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும்.

அடைத்த பிறகு என்ன பார்க்க வேண்டும்

6 முதல் 12 மாதங்களில் ஒரு சிடி, பிறகு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒன்று. இந்த அறிக்கையில் 'காயில் அதன் இடத்தில் உள்ளது' என்ற வரி வந்தால் திருப்தி அடையாதீர்கள். காயில் இடத்திலேயே இருக்கும், அதன் நடுவே ரத்தமும் ஓடும். பையும் வெளியேறும் சிரையும் சுருங்கினவா என்பதே கேள்வி. முன்பிருந்ததில் 70 சதவீதமாவது குறைந்திருந்தால் அடைபட்டது எனலாம். சிரை அதே அகலத்தில் இருந்தால் திறந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்; உலோகத்தின் ஒளிச்சிதறல் காயிலருகே படத்தைக் கெடுக்கும் என்பதால், காயிலை விட்டுவிட்டு அதைத் தாண்டி உள்ள சிரையை அளக்கச் சொல்லுங்கள். பழைய சிடியையும் வட்டில் கொண்டுபோனால்தான் ஒப்பிட முடியும். வைத்த கருவியின் பெயர் உள்ள அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் எம்ஆர்ஐ எடுக்கும் இடத்தில் கேட்பார்கள். பெரும்பாலான பிளாட்டினக் காயில்களும் நிட்டினால் பிளக்குகளும் எம்ஆர்ஐக்குத் தடையில்லை.

திறந்துகொண்டதை அதே வழியில் மறுபடி அடைக்கலாம். பழைய சுருள்களின் ஊடாகக் குழாயை நுழைத்துப் பைக்கு அருகே போவது முதல் தடவையைவிடக் கடினம், வெற்றியும் குறைவு. நுரையீரல் தமனியிலிருந்து அல்லாமல், மகாதமனியிலிருந்து வரும் மூச்சுக்குழாய்த் தமனிகள் பைக்கு ரத்தம் ஊட்டத் தொடங்கியிருந்தால் அது வேறு கதை. அந்த ரத்தம் ஏற்கெனவே நுரையீரல் சல்லடையைக் கடந்து வந்தது, மூளைக்குப் போகும் ஆபத்து அதில் இல்லை. இருமலில் ரத்தம் வராதவரை அதைத் தொட வேண்டியதில்லை.